மண்ணாங்கட்டியைக் கொண்டு

முனியம்மாளுக்கு வரிசையாக மூன்று பிள்ளைகள் பிறந்தன. மூன்றும் தொட்டிலில் கிடக்கும்போதே போய்ச் சேர்ந்தன. நாலாவதாகப் பிறந்தவனை அவள் குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி, பக்கத்து வீட்டுக்காரி மடியில் போட்டு, ஒரு முறம் தவிட்டுக்குத் திரும்ப வாங்கி, மண்ணாங்கட்டி என்று பேர் வைத்தாள். இவ்வளவு மட்டமான பேருள்ள பிள்ளையை எமன் சீந்தமாட்டான் என்பது அவள் போட்ட கணக்கு. எமன் ஏமாந்தான், பிள்ளை பிழைத்தது. எமனைவிடப் படித்தவர்களும் அந்தப் பேரில் ஏமாறுவார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

எங்கள் பக்கத்தில் ஊருக்கு இரண்டு மண்ணாங்கட்டியாவது இருப்பார்கள். யாரும் சிரிப்பதில்லை. இந்த மண்ணாங்கட்டி வாலிபத்தில் திண்டிவனத்தில் ஓர் எண்ணெய் மில்லில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உடைக்கும் மெஷினடியில் ஓடு அள்ளிக்கொண்டிருந்தான். கல்யாணமானதும் சொந்த ஊரான ஓடைப்பட்டுக்கே வந்து, கோதண்டபாணியின் சாயக் கொட்டகையில் சேர்ந்தான். அதிகம் பேசமாட்டான். கால் இரண்டும் கணுக்கால் வரைக்கும் எப்போதும் ஊதாவாக இருக்கும். வீட்டுக்காரி ராஜாமணி, "பொடவக்கித்தான் பார்டர் இருக்கும், ஒனக்கு காலுக்கு இருக்குது" என்று கேலி செய்வாள்.

கொட்டகை காணை ஊருக்குப் போகும் சாலையோரம் இருந்தது. பாய் நெய்கிற கோரைக்கு அங்கே சாயம் ஏற்றுவார்கள். பெரிய கொப்பரையில் தண்ணீர் கொதிக்கும். ரோஸ், ஊதா, பச்சை என்று ஒவ்வொரு நாளைக்கு ஒவ்வொரு பொடி. கோரைக் கட்டுகளை முக்கி எடுத்தபின், மிஞ்சிய தண்ணீரை வாய்க்காலில் கவிழ்ப்பார்கள். வாய்க்கால் சரிந்து இறங்கி, கிழக்குத் தெருக் கிணற்றுக்குப் பத்தடி தள்ளிப் போனது. தெருவில் நாற்பது வீடு, எல்லாருக்கும் அந்த ஒரு கிணறு. எண்பத்து மூன்றாம் வருஷக் கோடையில் ஒருநாள் காலை அந்தக் கிணற்றில் இறைத்த முதல் குடமே ஊதாவாக வந்தது.

கொப்பரையைக் கவிழ்க்கிற ஆள் மண்ணாங்கட்டி. அந்தத் தெருவில் குடியிருக்கிற ஆளும் மண்ணாங்கட்டி. எதிர்வீட்டு ஞானமேரி வடித்த சோற்றைச் சட்டியோடு கொண்டுவந்து அவன் வாசலில் வைத்தாள்.

"பாருண்ணா. மாதா கோயில் திருநாளுக்கு கேசரி கிண்டின மாதிரி இருக்குது. நீ அங்க ஊத்துற, நாங்க இங்க குடிக்கிறோம்."

அவன் என்ன செய்வான்? வேலையை விட்டால் வீட்டில் உலை ஏறாது. விடாவிட்டால் தெருவில் யாருக்கும் ஏறாது. ராஜாமணி அன்றுமுதல் அரை மைல் நடந்து ஒரு பம்புசெட்டில் தண்ணீர் பிடித்துவந்தாள். தெருப் பெண்கள் எல்லாரும் முன்னே போக, அவள் மட்டும் பின்னால் தனியாகப் போனாள்.

கொட்டகை அடுப்புக்கு விறகு கிடையாது, மல்லாட்டை ஓடுதான். திண்டிவனத்திலிருந்து மூட்டை மூட்டையாக வரும். பாதி எரிந்ததைத் தண்ணீர் தெளித்து அணைத்துக் கொட்டகைக்குப் பின்னால் கொட்டுவார்கள். மாசி மாதத்தில் ஒருநாள், தூக்கிப்போன சாயத் தண்ணீர் அண்டா கைநழுவி அந்தக் கரிக் குவியல்மேல் கவிழ்ந்தது. கோதண்டபாணிக்குத் தெரிந்தால் திட்டுவாரே என்று மண்ணாங்கட்டி பதறிக்கொண்டு சுற்றிவந்து பார்த்தான். குவியலின் இந்தப் பக்கம் ஊதாவாகப் புகுந்த தண்ணீர், அந்தப் பக்கம் இளநீர் மாதிரி வந்துகொண்டிருந்தது. தலையில் கட்டியிருந்த வெள்ளைத் துண்டை அவிழ்த்து அதில் நனைத்துப் பிழிந்தான். துண்டில் ஒரு பொட்டு நிறம் ஒட்டவில்லை.

வேறொருவனாக இருந்தால் அண்டாவை நிமிர்த்திக்கொண்டு போயிருப்பான். இவன் அடி ஓட்டையான நாலு பானைகளைத் தேடி எடுத்துவந்து, ஒன்றில் பச்சை ஓடு, ஒன்றில் வேகவைத்து உலர்த்திய ஓடு, ஒன்றில் கரி ஓடு, ஒன்றில் இடித்த தூள் என்று நிரப்பிச் சாயத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தான். தூள் அடைத்துக்கொண்டது. பச்சை ஓடு கொஞ்சம் பிடித்தது, கொஞ்சம் விட்டது. கரியானதைத் துவரம்பருப்பு அளவுக்கு நொறுக்கிப் போட்டால்தான் தண்ணீரும் இறங்குகிறது, சாயமும் தங்குகிறது என்று கண்டுபிடிக்க அவனுக்கு மூன்று மாதம் ஆனது. அதற்குப் பேர் ஆராய்ச்சி என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தைத்தான் அதற்குச் செலவழித்தான்.

கிழக்குத் தெருக்காரர்கள் கலெக்டருக்கு மனு கொடுக்கப் போகிறார்கள் என்று அப்போது ஒரு பேச்சு அடிபட்டது. அந்தப் பயத்தில்தான் கோதண்டபாணி குழி வெட்ட இடம் கொடுத்தார். வாய்க்கால் வழியில் படிப்படியாக ஆறு குழி. ஆறிலும் கரி ஓடு. ஒன்றிலிருந்து வழிவது அடுத்ததில் இறங்கி, ஆறாவதிலிருந்து தெளிந்து வெளியே போகும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை பழைய ஓட்டை அள்ளிவிட்டுப் புதிது போடவேண்டும். காற்றில் கரி பறந்து காயும் கோரையில் ஒட்டுகிறதென்று, ஒவ்வொரு குழி மேலேயும் நாலு விரல் கனத்துக்குச் செம்மண் கட்டிகளைப் பரப்பிவைத்தான். அந்த நாலு விரல் மண்தான் பிற்பாடு அவன் குடியைக் கெடுத்தது.

எண்பத்தைந்து கடைசியில் நல்ல மழை. கிணறு நிரம்பி, இறைத்து, மறுபடி ஊறி, கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. பொங்கலுக்கு முந்தின நாள் ஞானமேரி ஒரு செம்புத் தண்ணீரை அவன் கண்ணெதிரே அண்ணாந்து குடித்துவிட்டு, "தேங்கா தண்ணியாட்டம் இருக்குதுண்ணா" என்றாள். அன்றைக்கு ராஜாமணி தெருப் பெண்களுக்கு நடுவில் நின்று தண்ணீர் சேந்தினாள். மண்ணாங்கட்டிக்கு அழுகை வந்துவிட்டது. வாழ்க்கையில் அவன் சந்தோஷமாக இருந்த காலம் அதற்குப் பின்வந்த ஒன்பது மாதம்தான்.

தண்ணீர் கெடுகிற இடங்களையெல்லாம் பார்த்து எழுத அந்த வருஷமே ஓர் ஆபீசர் வந்தார். திண்டிவனத்தில் ஒரு வாடகைக் கட்டடத்தில் அவர் அலுவலகம். வடக்கத்திக்காரர், நல்ல மனுஷர், வேலையில் கெட்டி. ஆறே மாதத்தில் தமிழ் படித்தவர். படித்தது புத்தகத் தமிழ், ஜோல்னாப் பையில் ஓர் அகராதி. அவர் ஆறாவது குழியின் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார்.

"இந்த நீரைச் சுத்தம் செய்வது எது?" என்று கோதண்டபாணியிடம் கேட்டார்.

கோதண்டபாணி 'எது', 'யார்' என்று எங்கே பிரித்துப் பார்த்தார்? மூன்றாவது குழிக்குள் இடுப்பளவு நின்றவனைப் பார்த்துக்கொண்டே, "எல்லாம் மண்ணாங்கட்டிங்க சார்" என்றார்.

"மண்ணாங்கட்டி?"

"ஆமாங்க சார். மண்ணாங்கட்டிதான். நானு ஒரு மெஷினும் வாங்கல, ஒண்ணும் வாங்கல. மண்ணாங்கட்டி இருக்கிற வரிக்கும் எனக்கு ஒரு கவலையும் இல்லீங்க."

ஆபீசர் குனிந்து குழிமேலிருந்த செம்மண் கட்டி ஒன்றைக் கையில் எடுத்தார். "இது?" என்று புருவத்தை உயர்த்திக் குழிப்பக்கம் காட்டினார். கோதண்டபாணி, ஆளைத்தான் காட்டுகிறார் என்று நினைத்து, "ஆமாங்க, ஆமாங்க" என்றார். ஆபீசர் அகராதியைப் புரட்டினார், தலையை ஆட்டினார், எழுதிக்கொண்டார்.

இதையெல்லாம் கேட்டபடி மண்ணாங்கட்டி குழிக்குள் நின்றான். வருஷக்கணக்காக 'டேய்' என்று கூப்பிட்ட வாய், ஒரு பெரிய மனுஷர் முன்னால் மூன்று தடவை அவன் பேரைச் சொல்லிவிட்டது. 'ஓட்டாலதாங்க தெளியுது' என்று சொல்ல அவனுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அந்த இனிப்பைக் கெடுத்துக்கொள்ள மனசில்லை. சிரித்துக்கொண்டு நின்றான். அவன் செய்த ஒரே தப்பு அதுதான். அந்தத் தப்பை நீங்களும் நானும் செய்திருக்கமாட்டோமா?

ஐப்பசிக்கு முன்னால் உத்தரவு வந்தது. கிராம நிர்வாக அலுவலர் சக்கரபாணி வேப்பமரத்தடியில் நின்று சத்தமாகப் படித்தார்: "மேற்படி ஆறு குழிகளையும் மண்ணாங்கட்டியைக் கொண்டு முழுவதும் நிரப்ப வேண்டும்."

தெருப் பையன்கள் விசிலடித்தார்கள். தெருவில் எதற்கும் முன்னே நிற்கிற பெரியதம்பி, மண்ணாங்கட்டியின் முதுகில் ஓங்கித் தட்டினார். "டேய், சர்க்காரே ஒன் பேரச் சொல்லி எழுதிக்கிதுடா! ஒன்னத் தவிர வேற எவனும் கை வெக்கக்கூடாதாம்!"

மூன்றாம் நாள் ஏரியிலிருந்து ஒரு டிராக்டர் களிமண் கட்டி வந்து கொட்டகை வாசலில் சரிந்தது. பின்னால் இன்னொன்று. மண்ணாங்கட்டி முதலில் யாரோ சுவர் வைக்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்தான். கோதண்டபாணி, குழியிலிருந்த ஓட்டையெல்லாம் வெளியே வாரச் சொன்னபோதுதான் அவனுக்கு உறைத்தது.

"மொதலாளி, மண்ணு போட்டா தண்ணி எறங்காதுங்க. களி கரைஞ்சி அடச்சிக்கும். ஆர்டர்ல போட்டுக்கிற மண்ணாங்கட்டி மண்ணு இல்லீங்க. அந்த மண்ணாங்கட்டி நானுங்க!"

"நீதான்னு எனக்குத் தெரியாதாடா? எனக்குத் தெரிஞ்சி இன்னா பண்றது? கீழ ஒரு வரி போட்டுக்கிறான் பாரு, வேற பொருளு எதுவும் கலக்கக்கூடாதாம். மீறுனா கொட்டாய்க்கு சீல் வெச்சிட்டுப் போய்க்கினே இருப்பான். சும்மா பேஜாரு பண்ணாத. அள்ளிப் போடு."

கோதண்டபாணிக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. பதினைந்து நாளைக்கு ஒருதரம் ஓடு மாற்றுகிற வேலை மிச்சம். மண் போட்டால் போட்டதுதான். கரும்பு தின்னக் கூலியா? மூன்று நாள் மண்ணாங்கட்டிதான் தன் கையால் அந்தக் கட்டிகளைச் சுமந்து ஆறு குழியையும் நிரப்பினான். நாலாம் நாள் வேலைக்குப் போகாமல் திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினான்.

அலுவலகத்துக்கு வெளியே மரத்தடியில் மனு எழுதுகிறவர் அவன் சொல்லச் சொல்ல எழுதினார். பாதியில் பேனாவை நிறுத்தி அவனை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு எழுதி முடித்துப் படித்துக் காட்டினார்: "ஐயா, ஓடைப்பட்டில் தண்ணீரைத் தெளியவைத்தது மண்ணாங்கட்டி அல்ல, மல்லாட்டை ஓடு. ஆகவே மண்ணாங்கட்டியை அகற்ற உத்தரவிட வேண்டுகிறேன். இப்படிக்கு, மண்ணாங்கட்டி."

உள்ளே குமாஸ்தா நடராசன் என்பவர் தலை நிமிராமல் கேட்டார்.

"பேரு?"

"மண்ணாங்கட்டிங்க."

"விஷயத்த அப்பறம் சொல்லுய்யா. பேரச் சொல்லு."

"பேருதாங்க. மண்ணாங்கட்டி."

"ஓடைப்பட்டு மண்ணாங்கட்டியா? அந்த ஃபைல் முடிஞ்சிப் போச்சே. மெட்ராசுக்கு ரிப்போர்ட்டே போயிடுச்சி."

அவன் மனுவை நீட்டினான். நடராசன் படித்தார், பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு அவரையும் படிக்கச் சொன்னார். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

"யாருய்யா ஒன்ன அனுப்பினது? மண்ணாங்கட்டி வேணாம்னு மண்ணாங்கட்டியே மனு போட்டுக்குதாம்!"

"ஆபீசர ஒரு தபா பாத்துட்டுப் போறேன் சாமி. நேர்ல சொன்னா அவருக்குப் புரியும்."

"அவரு மாத்தலாயி ஒரு வாரம் ஆவுது. போய்யா, வேலையப் பாரு."

மனு மேஜையிலிருந்து குப்பைக் கூடைக்குப் போனதை அவன் பார்த்தான். குனிந்து எடுத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தான். வெட்கமாக இருந்தது, வந்துவிட்டான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமி ஊரிலேயே இல்லை.

அவன் ஊர் திரும்பின வாரத்தில் சாலையோரம் ஒரு பலகை நட்டார்கள். நீலத்தில் வெள்ளை எழுத்து: 'மண்ணாங்கட்டி முறையில் நீர் சுத்திகரிக்கப்படும் இடம்.' ராஜாமணிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஞானமேரி அவளை அழைத்துப்போய் எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினாள். புருஷன் பேரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்த ராஜாமணியிடம், அது வெறும் மண் என்று சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை.

மழை பிடித்தது. அவன் சொன்னபடியே ஆயிற்று. களிமண் கரைந்து குழிகளின் அடியிலும் வழியிலும் மெழுகினாற்போல அப்பிக்கொண்டது. சாயத் தண்ணீர் இறங்க வழியில்லாமல் கரை உடைத்துக்கொண்டு, மழைத் தண்ணீரோடு சேர்ந்து நேரே கிழக்குத் தெருவுக்குள் புகுந்தது. கிணற்றின் உறை தாழ்ந்திருந்த பக்கமாக உள்ளே கொட்டிற்று. மறுநாள் கிணற்றில் கைப்பிடிச் சுவருக்கு ஒரு முழம் கீழே பச்சையும் சேறும் கலந்து நின்றது. முன்பு ஊதாவாக வந்த தண்ணீரையாவது துணி துவைக்க எடுத்தார்கள். இதை மாடுகூட மோந்து பார்த்துவிட்டுத் திரும்பியது.

தெரு அவன் வாசலில் கூடியது. அவன் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். ஆபீசர் கேட்டது, கோதண்டபாணி சொன்னது, உத்தரவில் இருந்தது ஆளில்லை, மண்.

பெரியதம்பி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆர்டர் படிச்சப்ப பல்ல இளிச்சிக்கினு நின்னியா இல்லியா?" என்றார்.

"நின்னேன்."

"போர்டுல இருக்கிறது ஒம் பேருதான?"

"அது நானு இல்லண்ணா. மண்ணு."

"தண்ணி தெளிஞ்சப்ப மண்ணாங்கட்டின்னா நீயி. தண்ணி கெட்டப்ப மண்ணாங்கட்டின்னா மண்ணா? நல்லாக்கிதுடா ஒன் நியாயம். மண்ணள்ளிக் கொட்டுனது யாரு? மூணு நாளும் நாங்க பாத்துக்கினுதான இருந்தோம்."

கோதண்டபாணியிடம் போய்க் கேட்க ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. பாதித் தெரு அவரிடம் கோரை காயப்போட்டுத்தான் கஞ்சி குடித்தது. ஆபீசர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. திருவாமாத்தூர் அம்மன் கோயில் வட்டப்பாறையில் வந்து சத்தியம் பண்ணு, அப்புறம் நம்புகிறோம் என்றார்கள். எங்கள் பக்கத்தில் எந்த வழக்குக்கும் மேல்கோர்ட் அதுதான். அங்கே வார்த்தையைப் புரட்டிச் சத்தியம் பண்ணினவன் தப்பமாட்டான் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். மண்ணாங்கட்டி உடனே சம்மதித்தான். மடியில் கனமில்லை, அவனுக்கு என்ன பயம்?

வெள்ளிக்கிழமை காலை தெருவே நடந்துபோனது. அவன் குளித்து ஈரவேட்டியோடு நின்றான். கற்பூரம் ஏற்றியாயிற்று.

"கெணறு கெட்டதுக்கு நானு காரணமில்ல..." என்று ஆரம்பித்தான்.

"நானுன்றதுலாம் இங்க செல்லாது" என்றார் பெரியதம்பி. "நானுன்னா யாரு? பேரச் சொல்லிப் பண்ணு. கெணறு கெட்டதுக்கு மண்ணாங்கட்டி காரணமில்லன்னு சொல்லு."

அவன் வாயைத் திறந்தான். அப்போதுதான் அந்த வார்த்தை அவனுக்கு முழுசாகக் கேட்டது. கிணறு கெட்டதற்கு மண்ணாங்கட்டிதான் காரணம். மண்ணாங்கட்டி மட்டும்தான் காரணம். அதை இல்லையென்று அம்மன் முன்னால் எப்படிச் சொல்வது? சரி, மண்ணை விடு. சுமந்து போட்ட கை யாருடையது? குழிக்குள் சிரித்துக்கொண்டு நின்ற வாய் யாருடையது? கற்பூரம் எரிந்து, சிறுத்து, அணைந்தது. அவன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

ஞானமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நடந்தாள். அதன்பின் அவனோடு யாரும் சண்டை போடவில்லை. பேசவும் இல்லை. ராஜாமணி மறுபடியும் பம்புசெட்டுக்குத் தனியாகப் போனாள். பத்து நாள் பொறுத்தாள். பதினோராம் நாள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, "எமனே ஒன்ன உட்டுட்டான்யா. இந்தப் பேரு உட மாட்டேங்குதே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

தை பிறக்குமுன் இருவரும் வீட்டைப் பூட்டிவிட்டுத் திண்டிவனத்துக்குப் போனார்கள். பலகை அங்கேயே நின்றது. விழுப்புரத்திலிருந்து ஒரு கல்லூரிப் பிள்ளைகளைக்கூட வேனில் கூட்டிவந்து அதைக் காட்டினார்கள் என்று கேள்வி. குழியைப் பார்க்க நேரமில்லையாம்.

பழைய மில்லில் முதலாளி மாறியிருந்தார், கணக்கப்பிள்ளையும் புதுசு. ஓடு அள்ள ஆள் வேண்டியிருந்தது.

"பேரு?" என்றார் கணக்கப்பிள்ளை தாண்டவராயன்.

மண்ணாங்கட்டி மெஷினைப் பார்த்தான். சல்லடைக்குக் கீழே ஓடு மலையாகக் குவிந்திருந்தது.

"ஓடு அள்ளுற ஆளுன்னு போட்டுக்குங்க."

"யோவ், பேரில்லாம எப்பிடிய்யா?"

"இருந்த பேரு கெணத்துல கெடக்குதுங்க."

கிறுக்கன்போல என்று நினைத்துக்கொண்டு, தாண்டவராயன் நோட்டில் 'ஓடு' என்று மட்டும் எழுதினார். அதுவே நிலைத்துவிட்டது. அந்த மில்லில் இப்போதும் யாராவது 'ஓடு' என்று கத்தினால், அவன் கூடையை இறக்கிவைத்துவிட்டு வருவான்.